கதவுக்கு வெளியே நின்றவர்

கதவு இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி வந்தது. பௌஸி கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். கை எதிலும் படவில்லை. குனிந்து பார்த்தார். காலும் இல்லை. தான் நிற்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் தரை மட்டும் இருந்தது. கதவின் இடைவெளி ஒரு முழமாயிற்று, ஒரு சாணாயிற்று. அந்தச் சாண் வெளிச்சத்தில், தாழ்வாரத்துத் தூணோடு ஒட்டி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். பாதித் தோள், வெளிர் நீலச் சட்டை, ஒரு சப்பாத்து. முகம் தூணுக்குப் பின்னால் இருந்தது. கதவு மூடிக்கொண்டது.

"அங்கிள், மூச்சை மெல்ல விடுங்கோ. இப்ப பயம் நூற்றுக்கு எத்தனை?"

"எண்பது."

"கழட்டுவமோ?"

"வேணாம் மகள். முதல்ல இருந்து போடுங்க."

யதுஷா நம்பாமல் அவரைப் பார்த்தாள். முந்தின இரண்டு தடவையும் படம் தொடங்கியதுமே முகத்தில் மாட்டிய கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டவர் இவர். இப்போது நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் தெரியாதவர் போல முகத்தைச் சற்று மேலே தூக்கியபடி காத்திருந்தார். அவள் மறுபடி போட்டாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், பழைய வீடொன்றின் முன் அறைதான் அவளுடைய மனநல ஆலோசனை நிலையம். ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். பயப்படுகிற இடத்துக்குள் பொய்யாகப் போய்ப் போய், பயம் களைத்துப்போகும் வரை அங்கேயே நிற்பது, இதுதான் வைத்தியம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். "பயம் களைக்குமா, ஆள் களைக்குமா?" என்று பௌஸி கேட்டார். அவள் சிரித்துவிட்டு, "பாப்பம் அங்கிள்" என்றாள்.

பௌஸிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கடை. பொத்தான், நூல், சிப், லைனிங் துணி. வாப்பா தொடங்கிய கடை. தையற்காரர்கள் சட்டைத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டால், பெட்டிகளைத் துழாவி அதே நிறத்தில் பொத்தான் எடுத்துக் கொடுப்பார். பொத்தான் பௌஸி என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். அதிகம் கதைக்காத மனிதர். கோபம் வந்தால் பெட்டிகளை அடுக்குவார். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். தம்பி முர்ஷித் கட்டாரில். வெள்ளவத்தையில் ஒன்பதாம் மாடியில் முர்ஷித் வாங்கிய பிளாட்டில் அவன் மனைவி ஜுமானாவோடு உம்மா இருந்தார்.

அந்த ஒன்பதாம் மாடிக்குத்தான் பௌஸியால் போக முடியவில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பௌஸியைக் கீழ்மாடி லிப்ட் வரைக்கும்தான் விட்டார்கள். பிளாஸ்டிக் அங்கி போட்ட இரண்டு பேர் வாப்பாவைச் சக்கர நாற்காலியோடு பின்பக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். அதனால் வாப்பாவின் முகம் வெளியே பார்த்தபடி இருந்தது. வாயும் மூக்கும் மூடியிருந்தன. கண் மட்டும்தான். கதவு மூடும்வரை அந்தக் கண் இவரைப் பார்த்தது. இவரும் பார்த்துக்கொண்டே நின்றார்.

சில நாளில், வாப்பா போய்விட்டார் என்று தொலைபேசி வந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி உடலைத் தரவில்லை. குளிப்பாட்டவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கபனிடவில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் வைக்க ஒன்றும் இல்லை. எரித்துவிட்டார்கள். சாம்பலை வந்து எடுக்கும்படி சொன்னார்கள். யாரும் போகவில்லை. சாம்பலை வைத்து என்ன செய்வது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதன்பிறகு பெருநாள் காலையில் பள்ளியிலிருந்து எல்லோரும் மையவாடிக்குப் போவார்கள், தங்கள் ஆட்களை அடக்கிய கபுருக்குப் பக்கத்தில் நின்று ஸலாம் சொல்லி துஆக் கேட்பதற்கு. பௌஸி நேரே வீட்டுக்கு வருவார். தொப்பியைக் கழற்றாமல் கதிரையில் இருப்பார். மனைவி பஹ்மியா வட்டிலப்பம் வைத்துவிட்டுப் போவாள்.

லிப்ட் விஷயம் உடனே வரவில்லை. சில மாதம் கழித்து உம்மாவைப் பார்க்கப் போனபோது, கதவு மூடத் தொடங்கியதும் பௌஸி வெளியே பாய்ந்தார். தோள் கன்றிப்போனது. பிறகு படியால் ஏறினார். அடைப்புக்கு அவர் இருதயத்தில் குழாய் வைத்துவிட்ட டொக்டர் படியையும் நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு ஒழுங்கையில், மதிலோரம், நின்று அண்ணாந்து பார்ப்பார். உம்மா பல்கனிக்கு வந்து போனில் கதைப்பார். துவாயை ஆட்டுவார்.

"சாப்பிட்டியா மகன்?"

"சாப்பிட்ட உம்மா. நீங்க?"

"உன்ட தலை வெளுத்துப் போயிட்டு. மேல இருந்து பாத்தாத்தான் தெரியுது."

போகிற வருகிறவர்கள் இவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். வாயில் காவல்காரன் முதலில் சந்தேகப்பட்டான், பிறகு கதிரை கொண்டுவந்து போட்டான்.

போன மாதம் உம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பல்கனியும் முடிந்தது. ஜுமானா வீடியோவில் போனைக் கையில் கொடுத்தால் உம்மாவுக்கு அதைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. மின்விசிறி தெரியும், கூரை தெரியும், சில நேரம் நெற்றி தெரியும். நெற்றி சொல்லும்: "எப்ப வார?"

பஹ்மியாதான் யதுஷாவைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

யதுஷாவிடம் முதலில் இருந்தது வெளிநாட்டில் செய்த லிப்ட். நாலு பக்கமும் கண்ணாடி, மஞ்சள் வெளிச்சம், வெளியே பனி விழும் நகரம். பௌஸி உள்ளே நின்று சுற்றிப் பார்த்தார். "இது லிப்ட் இல்ல மகள். நகைக் கடை" என்றார். பயமே வரவில்லை. பயம் வராத இடத்தில் வைத்தியமும் இல்லை. அதனால் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் தன் மச்சான் வினோதனிடம் கேட்டாள். அவன் இரத்மலானையில் பழைய கட்டடமொன்றின் லிப்டுக்குள் நாலாபுறமும் பார்க்கும் கமராவை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு வந்தான். உருக்குச் சுவர், கீறல் விழுந்த கதவு, குழல் விளக்கு. அந்தக் கமராவுக்கு முதுகு கிடையாது. படம் பிடிப்பவன் எங்கே நின்றாலும் படத்தில் விழுவான். வினோதன் பொத்தானை அழுத்திவிட்டு ஓடித் தூணுக்குப் பின்னால் ஒளிந்தான். அவன் மெலிந்த ஆள் இல்லை. தூண் போதவில்லை. அது யார் கண்ணிலும் படவில்லை, பௌஸியின் கண்ணைத் தவிர.

வியாழக்கிழமைகளில் போனார். எண்பது அறுபதாயிற்று, நாற்பதாயிற்று. படம் தொடங்கும்போது உதடு அசையும். சின்னதாக ஸலாம் சொல்வது யதுஷாவுக்குக் கேட்கும். நல்ல அறிகுறி என்று நினைத்தாள். பழகிய இடத்துக்குள் போகிற மாதிரிப் போகிறார். பிறகு கையை ஏந்தி நிற்பார். அதையும் மூச்சுப் பயிற்சியோடு சேர்த்துக்கொண்டாள்.

"அங்கிள், இருபதுக்கு வந்திட்டியள். வாற கிழமை உண்மையான லிப்டுக்குப் போவம். உம்மாட பில்டிங்குக்கே போவம். நானும் வாறன்."

"இன்னும் ரெண்டு தரம் இங்க பாத்திட்டுப் போவமே."

"ஏன், பயமோ?"

"பயம் இல்ல."

அது உண்மை.

வீட்டில் பஹ்மியா அவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை என்றால் வெள்ளைச் சட்டை, தொப்பி. ஒரு வியாழன் அத்தரும் பூசிக்கொண்டு வந்தார்.

"ஏன் மாப்புள, பொம்பிளப் புள்ளட்ட மருந்தெடுக்கப் போறதுக்கு அத்தர் என்னத்துக்கு?"

"சும்மா."

"முப்பது வருசமா நான் வாங்கித் தந்த அத்தர் அலுமாரில கெடந்து காஞ்சுது. இப்ப சும்மாவாம். நில்லுங்க, நானும் வாரன்."

"நீ என்னத்துக்கு?"

"நானும் சும்மாதான்."

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில், யாரையோ பார்க்கப் போகிறவரின் அவசரம் இருந்தது.

அன்றைக்கு வினோதனும் அங்கே இருந்தான். மடிக்கணினியோடு மூலையில் இருந்து, "அங்கிள், படத்தை இன்னும் கிளியரா ஆக்கியிருக்கிறன். பாருங்கோவன்" என்றான். பௌஸி தலையசைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பெட்டியை முகத்தில் மாட்டினார். பஹ்மியா கதவோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

படம் தொடங்கியது. பௌஸி மெல்லச் சொன்னார்:

"அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்."

பஹ்மியாவின் கை கைப்பையில் இறுகியது.

அவர் கையை ஏந்தினார். உதடு அசைந்தது. கதவு மூடத் தொடங்கியிருக்க வேண்டும். தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து எதையோ பார்க்கப் போனார். பிறகு இன்னும் சாய்ந்தார். ஏந்திய கை பிரிந்தது.

"அவன் எங்க?"

"அங்கிள்?"

"அங்க நின்ட ஆள் எங்க? ஒருத்தரும் இல்ல. அங்க ஒருத்தரும் இல்ல! தொறங்க. கதவத் தொறங்க!"

இரண்டு கையாலும் காற்றைப் பிரித்தார். நாற்காலி விழுந்தது. யதுஷா ஓடிப்போய்ப் பெட்டியைக் கழற்றினாள். முகம் முழுக்க வியர்வை. கண் அவளைப் பார்க்கவில்லை, அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே ரயில் போயிற்று. யன்னல் அதிர்ந்து அடங்கியது.

"என்ன நடந்தது அங்கிள்? இருபதுக்கு வந்தனீங்கள்."

பஹ்மியாதான் பதில் சொன்னாள்.

"மகள், இவர் செல்ற ஸலாம் நீங்க நெனக்கிற ஸலாம் இல்ல. அது மனிசருக்குச் செல்றது இல்ல. மையவாடிக்குள்ள போகக்கொள்ள கபுராளிகளுக்குச் செல்றது." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "கபுரடிக்குப் போற மாதிரி ஸியாரத்துக்கு வந்தீக்கிறீங்க. ஒவ்வொரு வியாழனும். இண்டைக்கு அத்தரும் பூசிக்கொண்டு."

பௌஸி மறுக்கவில்லை. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, அதில் இருந்தார்.

"வேற எங்க போற?" என்றார்.

முகத்து வியர்வையைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"நான் அண்டைக்கு வெளியால நின்ட. வாப்பா உள்ளுக்கு. உள்ளுக்கு இருந்து பாத்தா என்ன தெரிஞ்சிருக்கும் எண்டு எனக்குத் தெரியாம இருந்த. இங்க வந்துதான் பாத்த. கதவு மூடும் மட்டும் ஒருத்தன் நிக்கிறான். போகல்ல. நிக்கிறான்."

வினோதன் கணினியை மூடினான். "அங்கிள், அது நான். ஒளிச்சு நிண்டனான், படத்தில விழுந்திட்டன். பிழை எண்டுதான் நேற்று அழிச்சனான்."

"அது நீங்க இல்ல மகன்" என்றார் பௌஸி, கோபமில்லாமல். "அது நான்."

வினோதன் யதுஷாவைப் பார்த்தான்.

"பழையத வெச்சீக்கிறீங்களா மகன்?"

"கிடக்கு அங்கிள்."

"போடுங்க. ஒருக்காப் போடுங்க. அந்தக் கொரிடோர் அப்பிடிக் கெடக்கேலா. வாப்பா பாத்துக்கொண்டு ஈக்கிறார்."

வினோதனின் கை கணினிக்குப் போயிற்று. யதுஷா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"எனக்கு விளங்காமப் போச்சு, அங்கிள். பிழை என்னிலதான். எண் குறையுது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தனான். ஆனா இதை இனிப் போட மாட்டன். போட்டா நீங்கள் இஞ்சதான் வந்துகொண்டு இருப்பியள். அங்க உங்கட உம்மா கிடக்கிறா."

"நீங்க யாரு அந்தக் கதவப் பூட்டுறதுக்கு?" என்று பௌஸி எழுந்தார். மேசையில் பேனாக்களும் தாள்களும் கலைந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார். பஹ்மியா அவரைத் தடுக்கவில்லை.

அடுக்கி முடிவதற்குள் ஜுமானாவின் அழைப்பு வந்தது. பஹ்மியா எடுத்தாள். காலையிலிருந்து மாமி ஒன்றும் குடிக்கவில்லை, கை கால் குளிர்ந்துபோயிருக்கு, பெரியவனின் பேரை மட்டும் சொல்கிறார் என்று ஜுமானா அழுதாள். ஒலிபெருக்கியில் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

பெருந்தெருவான காலி வீதிக்கு ஏறி, அடுத்த ஒழுங்கையால் இறங்கினார்கள். யதுஷாவும் வந்தாள். பௌஸி முன்னால் நடந்தார். கட்டடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் மதிலோரம் நின்று அண்ணாந்து பார்த்தார். பல்கனியில் யாரோ கொடியில் போட்ட படுக்கை விரிப்பு காற்றில் ஆடியது. உள்ளே போனார்.

லிப்ட் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. அவர் வாசலில் நின்றுவிட்டார். கதவு மூடிக்கொண்டது. யதுஷா பொத்தானை அழுத்தினாள். மறுபடி திறந்தது.

"நானும் உள்ள வாறன் அங்கிள்."

"வேணாம். உள்ளுக்கு ஒருத்தரும் வேணாம்." அவர் பஹ்மியாவின் பக்கம் திரும்பினார். "நீ இதில நில்லு. கதவு மூடும் மட்டும் நில்லு. அங்க இங்க பாக்காத."

"நான் எங்க போகப் போற? போங்க. கெழவி காத்துக்கொண்டு ஈக்கிறா."

அவர் உள்ளே போய்த் திரும்பி நின்றார். பஹ்மியா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேரே அவர் கண்ணைப் பார்த்தாள். இமைக்கக்கூடாது என்று யாரோ சொன்னது போலப் பார்த்தாள். கதவு ஒரு முழமாயிற்று, ஒரு சாணாயிற்று. அவள் ஒரு கோடாக நின்றாள். பிறகு உருக்கு.

பௌஸியின் உதடு பிரிந்தது. ஸலாம் வரவில்லை. யாருக்குச் சொல்வது? சுவரில் யாரோ கீறிய பெயர், மேலே சின்ன விசிறி, ஈரத் துணி மணம். வாப்பா இங்கே இல்லை. இங்கே ஒருபோதும் இருந்ததில்லை. இந்த நினைப்பு வந்ததும்தான் உண்மையாகப் பயம் பிடித்தது. பிடிகம்பியைப் பற்றினார்.

நடுவில் ஏதோ ஒரு மாடியில் லிப்ட் நின்று திறந்தது. பொத்தானை அழுத்திய ஆள் போய்விட்டிருக்க வேண்டும். விளக்கில்லாத நீண்ட தாழ்வாரம். ஒருவரும் இல்லை. கதவு திறந்தபடியே நின்றது. வெளியே ஒரு காலை வைத்தால் போதும். பௌஸி அந்த வெறுமையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். இப்போது உள்ளே நிற்பவர் தான்தான் என்பதும், வெளியே நிற்க யாரும் இல்லை என்பதும், இரண்டும் சேர்ந்து தெரிந்தன. கண்ணை மூடவில்லை. கதவு மூடிக்கொண்டது.

ஒன்பதாம் மாடியில் ஜுமானா வாசலைத் திறந்து வைத்திருந்தாள். மெலிந்து, கட்டிலின் ஒரு ஓரமாக, உம்மா கிடந்தார். மேலே, வீடியோவில் தெரியும் அதே மின்விசிறி. பௌஸி குனிந்து நெற்றியில் முத்தமிட்டார். உம்மா கண்ணைத் திறந்து அவருடைய வெள்ளைச் சட்டையை, தொப்பியைப் பார்த்தார். அத்தர் மணத்தை மூக்கால் இழுத்தார்.

"வந்திட்டியா?"

"வந்திட்டன் உம்மா."

"வாப்பா எங்க? கீழ நிக்கிறாரா?"

ஜுமானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பௌஸி கையைக் காட்டினார்.

"ஓம் உம்மா. நிக்கிறார்."

"போகச் செல்லாத. நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உம்மா கண்ணை மூடினார். பௌஸி கரண்டியால் தண்ணீர் கொடுத்தார். உம்மா குடித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பௌஸி காலையில் கடையைத் திறந்தார். ஒரு தையற்காரர் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு வெள்ளைப் பொத்தான் கேட்டு வந்தார். அந்த அளவில் இல்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கடையைத் திறக்கவில்லை. பஹ்மியாவுக்கு முழங்கால் வலி. அதனால் தனியாகப் பஸ் ஏறினார். வெள்ளவத்தையில் இலேசான மழை. லிப்டுக்கு முன்னால் யாரும் இருக்கவில்லை. வாயிலுக்குப் போய்க் காவல்காரன் ரொஷானைச் சிங்களத்தில் 'மல்லி' என்று தம்பி முறையில் கூப்பிட்டு, கதவு மூடும் வரைக்கும் இந்த இடத்தில் நில் என்றார். அவன் கதிரையை விட்டு எழுந்தான். வந்து நின்றான். பௌஸி மேலே போனார். உம்மா பெரும்பாலும் நித்திரை. அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஜுமானா லிப்ட் வரைக்கும் வந்து வாசலில் நின்றாள். கீழே இறங்கியபோது மழை விட்டிருந்தது. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. வீட்டில் இடியப்பமும் சொதியும் இருந்தன. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.